5. எந்த வருடத்துக் கிட்டார்?
கடற்கரை ஊரில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவோருக்கு

பொழியூர்ப் பக்கமிருந்து மூன்று பையன்கள் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பூவாரில் என் வீட்டுக்கு வந்தார்கள். கோயில் கொயருக்கு வாங்கப் போகிறார்கள். விற்பவர் ஒரு நாள்தான் தவணை கொடுத்திருக்கிறார்.

“அண்ணே, இது 82-ல ஜப்பான்ல செஞ்சதாக்கும். பின்னால தகட்டுல நம்பரு ஜேவி-ல தொடங்குது, பாருங்க.”

“பாக்கிறேன். மொதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவர எடு மக்கா.”

அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கிட்டார் எந்த வருடம், எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் அது எதற்கு உதவும் என்பதில்தான் வாங்குபவர்கள் தவறுகிறார்கள். அந்த வருடத்துக் கிட்டாரில் எந்தக் குறையைத் தேட வேண்டும் என்று வருடம் சொல்லும். உங்கள் கையில் இருக்கிற கிட்டார் நல்லதா என்று சொல்லாது. அதிலும் நெய்யாறு கடலில் சேரும் இந்த இடத்தில், தொழிற்சாலை செய்ததைவிட உப்புக்காற்று செய்ததுதான் பல நேரம் பெரிதாக இருக்கும்.

82 என்றால் ஏன் விலை ஏறுகிறது

கலிபோர்னியாவில் 1946-ல் தொடங்கிய ஃபெண்டர் நிறுவனம் 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொண்டுவந்தது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தியவை எல்லாம் பொன், பிந்தியவை எல்லாம் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. நிர்வாகம் மாறிய மறுநாளே கைத்திறன் மாறிவிடாது. இருப்பில் இருந்த மரத்தையும் பாகங்களையும் வைத்து அதே தொழிலாளர்கள்தான் கொஞ்ச காலம் வேலை செய்தார்கள். சரிவு மெல்ல மெல்ல வந்து, 1970-களின் பிற்பகுதியில்தான் நன்றாகத் தெரிந்தது. 1971 முதல் ஸ்ட்ராடோகாஸ்டரின் நெக்கை நான்கு ஸ்க்ரூவுக்குப் பதில் மூன்றில் பிடித்தார்கள். ஏற்பாடு கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் உடலில் நெக் உட்காரும் குழியை அளவில்லாமல் வெட்டியதால் பலவற்றில் நெக் பக்கவாட்டில் ஆடியது. நாலரைக் கிலோவைத் தாண்டும் கனமான உடல்களும் அந்தக் காலத்தவை. ஆகவே 70-களின் ஸ்ட்ராட் கிடைத்தால் ஒரு கையால் உடலையும் மறு கையால் தலையையும் பிடித்து, நெக்கை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடாவிட்டால், சிபிஎஸ் காலத்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டாம். 1969-ல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட் 1968-ல் செய்தது. அதுவும் சிபிஎஸ் காலத்துக் கிட்டார்தான்.

அமெரிக்கத் தரம் இறங்கிய அந்த இடைவெளியில் ஜப்பானியர்கள் பழைய ஃபெண்டர்களை அளந்து அச்சாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அவர்களோடு சண்டை போடுவதைவிடச் சேர்ந்துகொள்வது மேல் என்று ஃபெண்டர் 1982-ல் ஃபெண்டர் ஜப்பானை அமைத்தது. மாட்சுமோட்டோ நகரின் ஃபூஜிகென் தொழிற்சாலை செய்து கொடுத்தது. அந்த முதல் தொகுதிகளின் எண்தான் ஜேவி. 1984 வரை வந்தது. ஸ்குவயர் என்ற பெயர் கிட்டாரில் ஏறியதும் 1982-ல்தான். நெக் குழியின் இறுக்கம், ஃப்ரெட் முனைகளின் வழவழப்பு, பூச்சின் நேர்த்தி எல்லாவற்றிலும் அவை அந்த நாளைய அமெரிக்கக் கிட்டார்களை மிஞ்சின என்பது கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1985-ல் சிபிஎஸ் கையைவிட்டு நிறுவனம் வெளியே வந்தபோது பழைய ஃபுல்லர்டன் தொழிற்சாலை விற்பனையில் சேரவில்லை. கொரோனா நகரில் புதிய தொழிற்சாலை நிலைபெறும்வரை ஜப்பானியக் கிட்டார்கள்தான் ஃபெண்டரைத் தாங்கிப் பிடித்தன.

அதனால்தான் ஜேவி என்றதும் விலை ஏறுகிறது. பையன்கள் கொண்டுவந்த கிட்டாரிலும் தகடு ஜேவிதான். ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது நான்கே ஸ்க்ரூ. யாரும் கழற்றி எந்த உடலிலும் மாட்டலாம்.

கழற்றிப் பார்ப்பது

விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முதலில் கம்பிகளைத் தளர்த்தி, முன்பக்கத்து பிக்கார்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதைத் தூக்குங்கள். வெட்டிய குழியின் ஓரத்தில் மரத்தைப் பாருங்கள். பூச்சு படாத இடம் எங்காவது இருக்கும். மரத்தின் ரேகை ஒரே திசையில் ஓடினால் முழு மரம். வெளிர், கறுப்பு, வெளிர் என்று அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அயினி மரத்தில் வள்ளம் செய்பவர்களுக்கு நடுவே வளர்ந்த பையன்கள் ஒரு பார்வையில் மரத்தைப் பிரித்துவிடுவார்கள். அன்றும் அவர்களில் ஒருவன்தான் முதலில், “அண்ணே, இது அடுக்குப் பலகையாக்குமே” என்றான்.

ஜேவி கிட்டாருக்குப் பிளைவுட் உடல் கிடையாது. 80-களின் கடைசியில் மலிவு விலைக்காகக் கொரியாவில் செய்த பல கிட்டார்களுக்கு உண்டு. ஆக, நிஜத் தகடு ஒன்று வேறு உடலில் ஏறியிருக்கிறது. விற்பவருக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம். கை மாறிக் கை மாறி வந்த கிட்டாரில் யாரையும் குற்றம் சொல்லாமல் விலையை மட்டும் திருத்திக் கேளுங்கள்.

அடுத்து வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் பாட்டுகள் (பொட்டென்ஷியோமீட்டர்கள்). அமெரிக்கக் கிட்டார்களில் பாட்டின் முதுகில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 304-6612 என்றால் 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 66 வருடம், 12 அந்த வருடத்தின் 12-ஆவது வாரம். 137 என்றால் சிடிஎஸ். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் பாட்டுகள் அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும். சோல்டர் பழையதா, யாராவது தொட்டார்களா என்றும் பாருங்கள். தொழிற்சாலை சோல்டர் மங்கி, ஒரே மாதிரி இருக்கும். பிந்தி வைத்தது பளபளக்கும். அதைச் சுற்றி ரெசின் கருகிக் கிடக்கும்.

இன்னொரு சோதனைக்குக் கையில் அல்லென் சாவி போதும். பிரிட்ஜின் சாடில் உயரத்தைத் திருப்பும் சின்ன ஸ்க்ரூவில் 1.5 மில்லிமீட்டர் சாவி கச்சிதமாகப் பொருந்தினால் அந்தப் பாகம் பெரும்பாலும் ஆசியாவில் செய்தது. அமெரிக்க ஃபெண்டருக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர் சாவி வேண்டும். தலையில் அமெரிக்கா என்று எழுதியிருந்து பிரிட்ஜில் 1.5 பொருந்தினால் கேள்வி கேளுங்கள். பிரிட்ஜை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும்.

எண்களைப் படிக்கும் முறை சுருக்கமாக: ஃபெண்டரில் எஸ் என்றால் 70-கள், ஈ என்றால் 80-கள், என் என்றால் 90-கள், இஸட் என்றால் 2000-கள். மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலை 1987-ல் வந்தது. அங்கு செய்தவற்றில் இந்த எழுத்துகளுக்கு முன் எம் சேரும். ஜப்பானில் செய்த சிலவற்றிலும் ஈ வரும் என்பதால் எழுத்தை மட்டும் நம்பாமல் எந்த நாட்டில் செய்தது என்ற வரியையும் படியுங்கள். ஐசிஎஸ் என்று தொடங்கும் ஸ்குவயர் இந்தோனேசியாவில் கார்ட் தொழிற்சாலையில் செய்தது. அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஐசிஎஸ்18 என்றால் 2018.

கிப்ஸனில் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து வருடம், நடுவில் மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். 82765321 என்றால் 1985-ன் 276-ஆவது நாள். நார்லின் நிறுவனம் நடத்திய 70-களின் கிப்ஸனும் சிபிஎஸ் ஃபெண்டரைப் போலக் கனத்தது. நெக் தலையோடு சேரும் இடத்தில் பின்னால் ஒரு புடைப்பு வைத்தார்கள். தலை உடைவதைத் தடுக்க அது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன், ஆனால் சேகரிப்பவர்களுக்குப் பிடிக்காது. இந்த வட்டாரத்தில் கிப்ஸன் என்று விற்பனைக்கு வருவதில் போலிகள் உண்டு. நெக்குக்குள் ஓடி அதை நேராக வைக்கும் ட்ரஸ் ராடை, தலையில் மூடும் சின்ன மூடியைப் பாருங்கள். கிப்ஸனில் இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் பணத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

இந்தியாவில் செய்தது

ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 80-களின் இறுதியில் ஃபெண்டரே இந்தியாவில் கிட்டார் செய்வித்தது. ஸ்குவயர் 2 என்ற பெயரிலும் சன் முஸ்டாங் என்ற பெயரிலும் வந்தவற்றில் இந்தியாவில் செய்யப்பட்டது என்ற வரி இருக்கும். அவை மலிவு வரிசை. விலை குறைவாகக் கிடைத்து நெக் நேராக இருந்தால், அந்தக் கதைக்காகவே வாங்கி வைக்கலாம் என்பது என் சொந்த ஆசை.

நம் கோயில்களிலும் திருவிழா கானமேளாக்களிலும் ஒரு தலைமுறை வாசித்தது வெளிநாட்டுக் கிட்டார் இல்லை. கொல்கத்தாவின் கிவ்ஸன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்களும், வளைகுடாவிலிருந்து அண்ணன்மார் தோளில் சுமந்து வந்தவையும்தான். பழைய உள்நாட்டுக் கிட்டாரில் ஒரே ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் முந்தியது: உள்ளே திருகக்கூடிய ட்ரஸ் ராட் இருக்கிறதா? இல்லாவிட்டால், வளைந்த நெக்கை நிமிர்த்த வழி இல்லை. இருந்தால், திருகு இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று கால் சுற்றுக்குள் சோதியுங்கள். இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

இந்தியா வேறொரு வழியிலும் உலகக் கிட்டார்களில் இருக்கிறது. ஃப்ரெட்போர்டு என்று கருஞ்சிவப்பாகத் தெரிகிறதே, ரோஸ்வுட், அதில் பெரும்பகுதி நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். பிரேசில் 60-களின் கடைசியில் தன் ரோஸ்வுட்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபோது உலகம் ஈட்டியின் பக்கம் திரும்பியது. 2017 ஜனவரி 2 முதல் இந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிட்டாருக்கெல்லாம் அனுமதிச் சீட்டு தேவைப்பட, ஃபெண்டர் மெக்சிகோ கிட்டார்களில் பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. ஸ்குவயரில் லாரல் வந்தது. இந்தியன் லாரல் என்று விளம்பரத்தில் படிப்பது வேறெதுவும் அல்ல, நம் கருமருது. 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே வெளிர்ந்த, நரம்பு தெரியும், தாகமெடுத்ததுபோல் வறண்ட ஃப்ரெட்போர்டு உள்ள ஸ்குவயர் 2018-ஐச் சேர்ந்தது அல்லது அதற்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம். கருமருது தாழ்ந்த மரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டடங்களைத் தாங்கும் வலுவுள்ள மரம் அது. வருடத்துக்கு இருமுறை லேசாக எண்ணெய் காட்டினால் போதும்.

கடற்காற்று

பத்து வருடம் பாறசாலையில் இருந்த கிட்டாரும் பத்து வருடம் பூவார்க் கடற்கரையில் இருந்த கிட்டாரும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்ததானாலும் ஒன்றல்ல. எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பெட்டியில் வைத்தாரா, சுவரில் தொங்கவிட்டாரா? ஜன்னல் எந்தப் பக்கம்? இந்தக் கேள்விகளை வருடத்தைக் கேட்பதற்கு முன் கேட்பேன்.

துரு முதலில் பிடிப்பது சாடில் ஸ்க்ரூக்களில். ஆறு சாடிலிலும் சாவியை விட்டுத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு காத்திருக்கலாம். ஆனால் தலை தேய்ந்து வழுவழுத்த ஸ்க்ரூவை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பிரிட்ஜையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ட்ரெமலோ உள்ள கிட்டாரின் பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கனமான உலோகக் கட்டியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை, மலிவுக் கிட்டார்களில் சாதாரணமாக இருப்பது. எஃகுக்கு ஒலி நீளும் என்பார்கள், துருவும் பிடிக்கும். இரண்டையும் தெரிந்தே வாங்குங்கள்.

ஃப்ரெட்டுகளில் பச்சை படிந்திருந்தால் பயம் வேண்டாம். அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, துருப்பிடிக்காது, களிம்புதான் ஏறும். துணியில் தேய்த்தால் போகும். பள்ளம் விழுந்ததுதான் கேள்வி. முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய இரண்டு கம்பிகளுக்குக் கீழே விரலைத் தடவுங்கள். கொயர்க் கிட்டாரில் ஜி, சி, டி கார்டு அடித்தே அங்கே பள்ளம் விழும். கொஞ்சமானால் அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் ஃப்ரெட் மாற்றும் செலவு கிட்டாரின் விலையோடு போட்டி போடும்.

நெக் வளைவுக்கு ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கார்டு உரசிக்கொண்டு போனால் சரி, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடவப்பாதி மழை மாதத்தில் பார்க்கிறீர்களானால் சற்றுச் சலுகை கொடுங்கள், ஈரத்தில் மரம் இப்படி வளையும், வெயில் காலத்தில் கொஞ்சம் நிமிரும். முறுக்கு மட்டும் மன்னிக்க முடியாதது. கிட்டாரின் வால்பக்கத்தைக் கண்ணருகே வைத்துத் தலையை நோக்கிப் பாருங்கள். பிரிட்ஜும் நட்டும் ஒரே மட்டத்தில் தெரியாமல் ஒன்று சாய்ந்திருந்தால், எந்த வருடத்துக் கிட்டாரானாலும் வேண்டாம்.

பிக்கப்பில் சுற்றியிருப்பது தலைமுடி அளவு செம்புக் கம்பி. உப்பு அதற்குள் புகுந்தால் எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடும். ஐந்நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் ஒன்றை ஜாக்கில் செருகிய கேபிளோடு சேர்த்து, வால்யூமை முழுதும் திறந்து, ஒவ்வொரு பிக்கப்பாக அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் வகை ஒற்றைச் சுருளுக்கு 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை, ஹம்பக்கருக்கு 7.5 முதல் 8.5 வரை காட்டுவது வழக்கம். கூடக்குறைய இருந்தால் தவறில்லை. ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கில் கிலோ ஓம் காட்டினால் மீட்டர் அளப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான்; பிக்கப் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது ஸ்விட்ச்சில் களிம்பு. ஸ்விட்ச்சுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் பயந்து விலையைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் அது பாட்டில் படிந்த அழுக்கு மட்டுமே, பெரிய குறையில்லை.

வாசித்துப் பார்க்கும்போது உதட்டில் மைக் பட்டுச் சுருக்கென்றால் குறை பெரும்பாலும் கிட்டாரில் இல்லை, அந்தக் கட்டடத்தின் எர்த்திலோ ஆம்ப்பிலோ இருக்கும். அதைச் சரிசெய்யும்வரை வாசிக்கவே வேண்டாம். கிட்டாரோடு ஜப்பானிய ஆம்ப்பும் சேர்த்துத் தந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு நொடியில் புகைந்துவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

பையன்களிடம் அந்தத் தகட்டுக் கிட்டாரை வேண்டாம் என்று சொல்லவில்லை. உடல் பிளைவுட், சாடிலில் நான்கு இறுகிவிட்டது, ஆனால் நெக் முறுக்கில்லாமல் நேராக இருந்தது, மூன்று பிக்கப்பும் உயிரோடு இருந்தன. ஜேவி விலை கொடுக்காதீர்கள், சாதாரணப் பழைய கொரியக் கிட்டாரின் விலையில் புதுப் பிரிட்ஜின் விலையைக் கழித்துக் கேளுங்கள் என்றேன். களியக்காவிளையில் ஒருவரிடம் 2018-ன் இந்தோனேசிய ஸ்குவயர் ஒன்று, கருமருது ஃப்ரெட்போர்டோடு, விற்பனைக்கு இருப்பதையும் சொன்னேன். இரண்டையும் ஒரே ஆம்ப்பில், ஒரே கம்பி போட்டு, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார்கள். கொயர் மாஸ்டர் இந்தோனேசியக் கிட்டாரைக் காட்டினார்.

வாங்கிய அன்றே அவர்களுக்குக் கொடுத்த வேலைகள் இவை: பழைய கம்பிகளைக் கழற்றி எறிந்து பூச்சிட்ட புதுக் கம்பி போடுவது, ஃப்ரெட்போர்டுக்கு எண்ணெய் காட்டுவது, பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு வைப்பது, பூசை முடிந்ததும் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைக்கக் கூடாது.